0.1 மி.மீ. பிசகினால் ஆபத்து... ரைஃபிள் பேரலை வீட்டிலேயே மாற்றலாமா? 'ஹெட்ஸ்பேஸ்' என்றால் என்ன? முழு விளக்கம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் லேத் ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சுரங்கம், அனல் மின் நிலையம், பட்டறை என வாழ்நாள் முழுக்க இரும்போடு பழகிய ஃபிட்டர்களும் டர்னர்களும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் அது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை மைக்ரோமீட்டரில் படிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் ரைஃபிளின் பழைய பேரலைக் கழற்றிவிட்டு, புதியதை வீட்டு மேஜையிலேயே மாட்டுகிறார்கள். அதைப் பார்த்தால் இப்படி வேலை தெரிந்த ஒருவருக்கு, "இதுல என்ன பெரிய வித்தை? மரை பார்த்துத் திருகுறதுதானே" என்று தோன்றத்தான் செய்யும்.

உண்மையில் அந்த வேலையில் திருகுவது சின்ன பகுதி. திருகி முடித்த பிறகு தோட்டாவுக்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் சுடுபவரின் கண்ணும் கையும் அடங்கியிருக்கிறது. அந்த அளவுக்குப் பெயர்தான் 'ஹெட்ஸ்பேஸ்'. அது என்ன, ஏன் முக்கியம், நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• தோட்டா உட்காரும் அறையில், தோட்டாவின் அடிப்பகுதியைத் தாங்கும் போல்ட்டுக்கும் தோட்டாவை முன்னால் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ்.

• பல ரைஃபிள்களில் சரியான அளவுக்கும் தவறான அளவுக்கும் வித்தியாசம் வெறும் 0.1 மி.மீ. நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளின் தடிமன்தான் அது.

• பேரலையோ போல்ட்டையோ மாற்றினால் இந்த அளவும் மாறலாம். அதனால் ஒவ்வொரு முறையும் கேஜ் வைத்துச் சோதிக்க வேண்டும்.

• இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாமே ஆயுதச் சட்டப்படி குற்றம்.

சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

தோட்டா என்று நாம் சொல்வதில் நான்கு பாகங்கள் உண்டு. முனையில் இருப்பது குண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பித்தளைக் கூடு. கூட்டுக்குள் வெடிமருந்துத் தூள். அடியில் சின்ன பொட்டு மாதிரி இருப்பது பிரைமர்.

விசையை இழுத்ததும் ஊசி போன்ற பின் பிரைமரைத் தட்டும். பிரைமர் பற்றி, தூள் எரிந்து வாயுவாக மாறும். அந்த வாயு குண்டை முன்னால் தள்ளும். பள்ளிப் பாடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அதே வாயு பித்தளைக் கூட்டைப் பின்னாலும் தள்ளும்.

எவ்வளவு அழுத்தம் தெரியுமா? வீட்டு பிரஷர் குக்கரில் விசில் வரும்போது இருப்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. கார் டயரில் 32 பவுண்டு. உலகம் முழுக்க வேட்டைக்கும் போட்டிக்கும் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பவுண்டு. கார் டயரைப் போலச் சுமார் 1,900 மடங்கு! இத்தனையும் சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் முன்னால், கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

இந்த அழுத்தத்தைத் தாங்குவது மெல்லிய பித்தளைக் கூடு இல்லை. கூட்டைச் சுற்றியுள்ள பேரலின் எஃகுச் சுவரும், பின்னால் பூட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டும்தான் தாங்குகின்றன. பித்தளை விரிந்து சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. அந்த வேலையைச் சரியாகச் செய்ய அதற்கு எல்லாப் பக்கமும் எஃகின் துணை வேண்டும்.

ஹெட்ஸ்பேஸ் என்றால் என்ன?

டார்ச் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பேட்டரியைப் போட்டு பின் மூடியைத் திருகுகிறோம். இடம் போதவில்லை என்றால் மூடி முழுதாகத் திருகாது. இடம் அதிகமாக இருந்தால் பேட்டரி உள்ளே 'லொட லொட' என்று ஆடும். டார்ச்சில் ஸ்பிரிங் இருப்பதால் சமாளித்துவிடலாம். ரைஃபிளில் அப்படி விட்டுக்கொடுக்கும் ஸ்பிரிங் கிடையாது. தோட்டாவுக்கு முன்னாலும் எஃகு, பின்னாலும் எஃகு.

போல்ட் பூட்டிய நிலையில், அதன் முகப்பிலிருந்து தோட்டா முன்னால் நகராமல் தடுக்கும் இடம் வரை உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். தோட்டாவின் அடிப்பகுதியை ஆங்கிலத்தில் 'ஹெட்' என்று சொல்வதால் இந்தப் பெயர் வந்தது.

தோட்டா எங்கே தடுத்து நிற்கும் என்பது அதன் வடிவத்தைப் பொறுத்து மாறும்:

விளிம்பு உள்ள தோட்டா: .303, .22 போன்றவற்றின் அடியில், சட்டைப் பொத்தான் ஓரம் போல வெளியே நீட்டிய விளிம்பு இருக்கும். அந்த விளிம்பு பேரலின் பின்பக்கத்தில் முட்டி நிற்கும். இதில் விளிம்புக்கான இடமே ஹெட்ஸ்பேஸ்.

விளிம்பு நீட்டாத தோட்டா: .308, 7.62 நேட்டோ, 5.56 போன்றவை பாட்டில் வடிவத்தில் இருக்கும். பாட்டிலின் 'தோள்' பகுதி அறையின் சரிவில் போய் முட்டும். அந்தச் சரிவின் குறிப்பிட்ட புள்ளியிலிருந்து போல்ட் முகப்பு வரை அளப்பார்கள்.

நேர் உருளைத் தோட்டா: 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவுக்கு விளிம்பும் இல்லை, தோளும் இல்லை. கூட்டின் வாய் ஓரம்தான் அறையின் படியில் முட்டி நிற்கும்.

ஆக, ரைஃபிளுக்கு ரைஃபிள் ஒரே அளவு கிடையாது. எந்தத் தோட்டாவோ, அதற்கேற்ற அளவு. அமெரிக்காவில் 1926-ல் தொடங்கிய சாமி என்ற உற்பத்தியாளர் அமைப்பும், ஐரோப்பாவில் சிஐபி என்ற சர்வதேச ஆணையமும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதன் அறைக்கும் வரைபடத்தோடு அளவு வெளியிட்டுள்ளன.

எவ்வளவு துல்லியம் தேவை?

.308 வின்செஸ்டரையே எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று அளவுகள் முக்கியம்:

• கோ கேஜ்: 1.630 அங்குலம் (41.40 மி.மீ.). அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு.

• நோ-கோ கேஜ்: 1.634 அங்குலம் (41.50 மி.மீ.). புது பேரல் போட்டவுடன் இதைத் தொடக் கூடாது.

• ஃபீல்டு கேஜ்: 1.638 அங்குலம் (41.61 மி.மீ.). பல காலம் சுட்டுத் தேய்ந்த ரைஃபிளுக்கான கடைசி எல்லை. இதைத் தாண்டினால் அந்தத் துப்பாக்கியைச் சுடவே கூடாது.

கோ அளவுக்கும் நோ-கோ அளவுக்கும் நடுவில் இருப்பது 0.004 அங்குலம், அதாவது 0.1 மி.மீ. கோ அளவிலிருந்து கடைசி எல்லை வரை கணக்கிட்டாலும் 0.2 மி.மீ.தான். இரண்டு ஏ4 தாள்!

கேஜ் என்பது கெட்டிப்படுத்திய எஃகில் தோட்டா வடிவத்தில் கடைந்த ஒரு துண்டு. உள்ளே மருந்தும் இருக்காது, குண்டும் இருக்காது. கோ கேஜை வைத்தால் போல்ட் முழுதாக மூட வேண்டும். நோ-கோ கேஜை வைத்தால் மூடக் கூடாது. ஃபிட்டர்கள் துளையை அளக்கப் பயன்படுத்தும் 'கோ, நோ-கோ' பிளக் கேஜின் அதே தத்துவம்தான்.

கைக்குக் கிடைத்த தோட்டாவை வைத்து அளந்துவிடலாமே என்றால், அது சரிவராது. தொழிற்சாலைத் தோட்டாக்களிலேயே ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கும். அளவில் சற்றுக் குட்டையான தோட்டாவை வைத்து 'செட்' செய்தால், அடுத்த பெட்டியில் வரும் தோட்டாவுக்கு போல்ட் மூடாமல் போகலாம். உயிருள்ள தோட்டாவை உள்ளே வைத்துச் சோதிப்பதில் எதிர்பாராமல் வெடிக்கும் அபாயமும் இருக்கிறது.

இடைவெளி அதிகமானால் என்ன ஆகும்?

பித்தளைக் கூட்டின் முன்பகுதி மெல்லியது. சுட்டவுடன் விரிந்து அறைச் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அடிப்பகுதி தடித்தது; அது விரியாமல் பின்னால் தள்ளப்படும். பின்னால் போல்ட் ஒட்டி நின்றால் பிரச்சினை இல்லை. நடுவில் இடைவெளி இருந்தால்?

முன்பகுதி சுவரைப் பிடித்திருக்க, பின்பகுதி இடைவெளி தீரும்வரை பின்னால் நகரும். நடுவில் உள்ள பித்தளை ரப்பர் மாதிரி இழுபடும். பித்தளைக்கு ரப்பரின் குணம் கிடையாது என்பதால், ஒரு அளவுக்கு மேல் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வளையமாக விரிசல் விட்டு, கூடு இரண்டு துண்டாகும்.

அப்போது அடைப்பு போய்விடும். சூடான வாயுவும் பித்தளைத் துணுக்குகளும் போல்ட் பக்கமாகப் பீறிட்டு வரும். அங்கேதான் சுடுபவரின் முகம் இருக்கிறது. நவீன ரைஃபிள்களில் இந்த வாயுவை வேறு பக்கம் வெளியேற்றத் துளைகள் வைத்திருக்கிறார்கள். பழைய ரைஃபிள்கள் பலவற்றில் அந்தப் பாதுகாப்பு குறைவு. கண்ணாடி அணியாதவருக்குக் கண் போகலாம்; கை கிழியலாம்; மோசமான நிலையில் துப்பாக்கியே உடையலாம்.

இதில் இன்னொரு சிக்கல், முதல் குண்டிலேயே இது நடக்க வேண்டும் என்றில்லை. பத்து முறை சுடும்போது ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பதினோராவது முறை கூடு பிளக்கலாம். "சுட்டுப் பார்த்தோம், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

இடைவெளி குறைந்தால்?

பெரும்பாலும் போல்ட் மூடாது. அதுவே ஒரு எச்சரிக்கை. ஆனால் பலத்தைக் காட்டி அழுத்தி மூடினால், கூடு நசுங்கி குண்டைப் பிடித்திருக்கும் இடம் இறுகலாம். அழுத்தம் எல்லை மீறும். போல்ட்டின் பூட்டு முழுதாக விழாமலேயே சுடும் அபாயமும் உண்டு.

புது பேரல் போடும்போது மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை?

பேரல் என்பது தேயும் பொருள். ஒவ்வொரு முறை சுடும்போதும் குண்டு கிளம்பும் இடத்திலுள்ள எஃகைச் சூடான வாயு கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். தோட்டாவின் சக்தியைப் பொறுத்து, சில ஆயிரம் ரவுண்டுகளில் குறி தவற ஆரம்பிக்கும். போட்டியில் சுடுபவர்களுக்கு பேரல் மாற்றுவது, காருக்கு டயர் மாற்றுவது போல வழக்கமான செலவு.

ஆனால் தோட்டா உட்காரும் அறை பேரலின் பின்முனையிலேயே கடையப்பட்டிருக்கிறது. பேரல் மாறினால் அறையும் மாறும். அது ரிசீவருக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்பதும் மாறும். அதனால் பழைய பேரலில் சரியாக இருந்த ஹெட்ஸ்பேஸ் புதியதில் அப்படியே வரும் என்று நம்ப முடியாது.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரு வழி இருக்கிறது:

லேத்தில் கடைவது: பல போல்ட் ரைஃபிள்களில் பேரலின் பின்பக்கத்தையும் தோள்பட்டையையும் கடைந்து, பிறகு அறையை ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தி அளவுக்குக் கொண்டுவருவார்கள். பயிற்சி பெற்ற துப்பாக்கி மெக்கானிக் செய்யும் வேலை இது.

பேரல் நட்: அமெரிக்காவின் சாவேஜ் நிறுவன ரைஃபிள்களில் பேரலை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு நட்டால் இறுக்கி நிறுத்தும் அமைப்பு உண்டு. யூடியூப்பில் 'வீட்டிலேயே பேரல் மாற்றம்' என்று வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த வகையே. லேத் வேண்டாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. கேஜ் இல்லாமல் அங்கேயும் முடியாது.

போல்ட் தலை மாற்றுவது: பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில் போல்ட்டின் தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண் போட்ட வெவ்வேறு நீளத் தலைகள் இருந்தன. ராணுவ ஆயுத மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்து, பொருத்தமான தலையை மாட்டிக் கொடுப்பார்.

அழுத்திப் பொருத்துவது: ஏகே வகைத் துப்பாக்கிகளில் பேரலை பிரஸ்ஸில் அழுத்திச் செலுத்தி, குறுக்கே பின் அடிப்பார்கள். ஹெட்ஸ்பேஸ் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தையே 1960-களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. 2ஏ, 2ஏ1 என்ற பெயரில் வந்த அந்த ரைஃபிள்களுக்கு பேரலை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடவில்லை. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்படி எஃகையும் மேம்படுத்தினார்கள். பேரலின் மரை பொருந்திவிட்டால் போதும் என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பதற்கு இதுவே சாட்சி.

ராணுவமே கைவிட்ட பழக்கம்

1930-களிலிருந்து பயன்பாட்டில் உள்ள பிரவுனிங் எம்2 என்ற 12.7 மி.மீ. கனரக இயந்திரத் துப்பாக்கியில் ஒரு வழக்கம் இருந்தது. பேரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் வீரரே கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸைச் சரிபார்க்க வேண்டும். அதற்கென்றே பயிற்சி, அதற்கென்றே கேஜ். அப்படியும் களத்தில் அவசரத்திலும் இருட்டிலும் தவறுகள் நடந்தன. துப்பாக்கிகள் சேதமடைந்தன, வீரர்கள் காயமடைந்தனர்.

கடைசியில் அமெரிக்க ராணுவம் என்ன செய்தது? 2010-ல் எம்2ஏ1 என்ற புது வடிவத்தை ஏற்றது. அதில் ஹெட்ஸ்பேஸ் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டுவிடும். வீரர் பேரலை மாட்டினால் போதும், அளக்க வேண்டியதில்லை.

முறையாகப் பயிற்சி பெற்ற, கையில் கேஜ் வைத்திருந்த வீரர்களிடமிருந்தே அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள் என்றால், இந்த அளவு எவ்வளவு நுட்பமானது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க வீடியோவில் பார்ப்பதை இங்கே செய்ய முடியாததற்கு முதல் காரணம் சட்டம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் இவை:

பிரிவு 2: 'ஆயுதம்' என்றால் முழுத் துப்பாக்கி மட்டுமல்ல. அதன் பாகங்களும், ஆயுதம் தயாரிக்கும் இயந்திரங்களும் அந்தச் சொல்லுக்குள் வரும்.

பிரிவு 5: உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியைத் தயாரிக்கவோ, விற்கவோ, மாற்றியமைக்கவோ, பழுதுபார்க்கவோ, சோதிக்கவோ கூடாது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு. பழுதுபார்க்கும் உரிமம் வேறு.

பிரிவு 6: பேரலின் நீளத்தைக் குறைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும்.

பிரிவு 8: துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக் குறிகளை அழிக்கவோ மாற்றவோ கூடாது.

பிரிவு 10: வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர உரிமம் தேவை.

பிரிவு 5-ஐ மீறி ஆயுதம் தயாரித்தாலோ பழுதுபார்த்தாலோ, 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு சிறை. அது ஆயுள் தண்டனை வரை போகலாம், அபராதமும் உண்டு. திருத்தத்துக்கு முன்பு இது 3 முதல் 7 ஆண்டுகளாக இருந்தது. அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது.

இங்கே இந்த வேலையைச் செய்பவர்கள் யார்?

தமிழ்நாட்டில் துப்பாக்கித் தயாரிப்பு என்றாலே நினைவுக்கு வருவது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. 1966-ல் தொடங்கிய இந்தத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1 முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. திருச்சி அசால்ட் ரைஃபிள் இங்கேதான் உருவாகிறது. இஷாப்பூர் தொழிற்சாலையும் இதே நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது.

சீருடைப் படைகளில் ஆயுதப் பராமரிப்புக்கென்றே 'ஆர்மரர்' என்ற பயிற்சி பெற்ற பணியாளர்கள் இருப்பார்கள். நெய்வேலி என்எல்சி-க்குப் பாதுகாப்பு தரும் மத்திய தொழில் பாதுகாப்புப் படை உட்பட எந்தப் படையிலும், துப்பாக்கி ஏந்தி நிற்கும் காவலர் தன் இஷ்டத்துக்கு பேரலைக் கழற்றி மாற்ற முடியாது. பொதுமக்களைப் பொறுத்தவரை, அரசு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைகளும் பழுதுபார்ப்பவர்களும்தான் வழி.

பாய்லருக்குப் பொருந்துவது பேரலுக்கும் பொருந்தும்

அழுத்தம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்று நெய்வேலிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2020-ம் ஆண்டு மே 7, ஜூலை 1 ஆகிய இரண்டு நாட்களில், இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நடந்த பாய்லர் விபத்துகள் அந்த ஊரின் மனதில் இன்னும் ஆறவில்லை.

பாய்லரில் பெரிய பழுது பார்த்தால், வேலை செய்தவரே "ரெடி" என்று சொல்லி ஓட்டிவிட முடியாது. வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாகத் தண்ணீரை ஏற்றிச் சோதித்து, பாய்லர் ஆய்வாளர் தரப்பில் சான்று கிடைத்த பிறகுதான் நெருப்பு மூட்டலாம். 1923-ம் ஆண்டு பாய்லர் சட்டம் தொடங்கி, அதற்குப் பதிலாக வந்த 2025-ம் ஆண்டு சட்டம் வரை இந்த அடிப்படை மாறவில்லை.

துப்பாக்கிக்கும் இதே மாதிரி 'புரூஃப்' சோதனை உண்டு. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் சிறப்புத் தோட்டாவை, ஆள் பக்கத்தில் இல்லாமல் பாதுகாப்பான அறையில் வைத்துச் சுடுவார்கள். சுட்ட பிறகு பேரலையும் போல்ட்டையும் மறுபடியும் அளப்பார்கள். தேறினால் முத்திரை விழும்.

வீட்டு மேஜையில் கிடைக்காதது இதுதான். நல்ல டர்னருக்கு 0.1 மி.மீ. கடைவது கஷ்டமே இல்லை. ஆனால் எஃகின் தரம், அறையின் வடிவம், போல்ட்டின் பூட்டு எல்லாம் சேர்ந்து அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். வீட்டில் அந்த இரண்டாவது ஆள் இல்லை.

உரிமம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பயிர்ப் பாதுகாப்புக்கோ, தற்காப்புக்கோ, விளையாட்டுக்கோ உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். அது நிறைய சொல்லும்.

• அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று வளையம் தெரிகிறதா? பித்தளை அந்த இடத்தில் இழுபட்டு மெலிந்திருக்கலாம்.

• அதே இடத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா?

• பிரைமர் பொட்டு வெளியே துருத்தி நிற்கிறதா? அதைச் சுற்றிக் கரும்புகைத் தடம் இருக்கிறதா?

• வழக்கமாக மூடும் போல்ட் திடீரென்று இறுகுகிறதா, அல்லது சுட்டபின் திறக்க மறுக்கிறதா?

• கூடு பாதியாக முறிந்து, முன்பகுதி அறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டதா?

இதில் ஒன்று இருந்தாலும் "இன்னொண்ணு சுட்டுப் பார்ப்போம்" என்று போகாதீர்கள். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். சந்தேகமான கூட்டையும் சேர்த்து எடுத்துப் போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.

உரிமதாரரால் நேரில் போக முடியவில்லையா? பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ வேறொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்ல, ஆயுதச் சட்டத்தின் பிரிவு 3 அனுமதிக்கிறது. ஆனால் உரிமதாரர் உடன் இருக்க வேண்டும், அல்லது அவர் எழுதிக் கொடுத்த அனுமதி கையில் இருக்க வேண்டும். "பையன்கிட்ட கொடுத்து அனுப்பினேன்" என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் செல்லாது.

கேள்வியும் பதிலும்

"துப்பாக்கி என்னோடது, உரிமமும் இருக்கு. என் பேரலை நானே மாத்தினா என்ன?"

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம், பழுதுபார்க்கும் உரிமம் ஆகாது. சுத்தம் செய்து எண்ணெய் போடுவது வேறு. பேரலைக் கழற்றி மாற்றுவது வேறு.

"பேரல் வெறும் இரும்புக் குழாய்தானே? ஆன்லைன்ல வாங்கினா?"

பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் வரும். வெளிநாட்டிலிருந்து உரிமமின்றி வரவழைத்தால் இறக்குமதி தொடர்பான பிரிவும் சேர்ந்துகொள்ளும். சின்ன உதிரி பாகங்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இருந்தால் அந்த விலக்கு கிடைக்காது.

"ஏர் ரைஃபிளுக்கும் ஹெட்ஸ்பேஸ் பார்க்கணுமா?"

வேண்டாம். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ரைஃபிளில் பித்தளைக் கூடு கிடையாது. ஆனால் .177 அங்குல விட்டத்தையோ 20 ஜூல் சக்தியையோ தாண்டும் ஏர் ரைஃபிளுக்கு, 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவை என்பதை மறக்க வேண்டாம்.

"நாட்டுத் துப்பாக்கியில இந்தத் தொல்லை இல்லையே?"

குழாயின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் தோட்டா இல்லாததால் ஹெட்ஸ்பேஸ் இல்லை. ஆபத்து இல்லை என்று அர்த்தமாகாது. எந்தக் குழாய், எவ்வளவு மருந்து, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாருமே சோதிக்காத ஆயுதம் அது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம்.

"கேஜ் மட்டும் வாங்கி வச்சு நானே அளந்து பார்க்கலாமா?"

கேஜ் சொல்வது ஒரே ஒரு அளவைத்தான். அது சரியாக இருந்தாலும் போல்ட்டில் விரிசல், ரிசீவரில் தேய்மானம், அறையில் அரிப்பு இருக்கலாம். அதையும் சேர்த்துப் பார்க்கத்தான் பயிற்சி பெற்றவர் தேவை.

பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் பல வருடங்களாகச் சும்மா கிடக்கிறது, அல்லது பேரல் தேய்ந்துவிட்டது என்று சந்தேகம் இருந்தால், முதலில் சுடுவதை நிறுத்துங்கள். உரிமத்தையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பிறகு உரிமம் பெற்ற கடையில் 'ஹெட்ஸ்பேஸ் செக் பண்ணிக் கொடுங்க' என்று கேளுங்கள். எந்த கேஜ் வைத்துப் பார்த்தார்கள், போல்ட் மூடியதா இல்லையா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.